நாக்கு மட்டும் தெரியும் பனியாறு

ஜனவரியில் நீலகிரியின் கேத்தி பள்ளத்தாக்கில் காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால், கேரட் பாத்திகள் சுண்ணாம்பு தூவியதுபோல வெளுத்துக் கிடக்கும். முந்தின நாள் சாயங்காலமே தேயிலைச் செடிகளின் மேல் தாகைச் செடியைப் பரப்பி மூடியவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். மூடாதவர்களின் தோட்டத்தில், வெயில் ஏறிய இரண்டொரு நாளில் கொழுந்து கருகிப் பழுப்பாகிவிடும். அப்படி ஒரு காலையில் அடுப்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அக்கா மகன் செல்போனை என் பக்கம் நீட்டினான். கோடை முழுக்க அலாஸ்கா கரையோரம் ஓடும் ஒரு சொகுசுக் கப்பலின் சமையலறையில் அவனுக்கு வேலை. ஒப்பந்தம் முடிந்து லீவில் வந்திருந்தான்.

"மாமா, இதைப் பாருங்க. சத்தத்தைக் கூட்டி வச்சுக்கோங்க."

திரையில் ஒரு வெள்ளைச் சுவர். அதன் ஓரத்தில் ஒரு துண்டு கழன்று, சத்தமே இல்லாமல் சரிந்து கடலில் விழுந்தது. தண்ணீர் பொங்கி எழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணலாம், அவ்வளவு இடைவெளி. அதற்குப் பிறகுதான் மலைக்கு அந்தப் பக்கம் இடி இடித்ததுபோல ஒரு முழக்கம் வந்தது.

அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம தோட்டத்துல தினம் விழற பனிதானேடா. இதைப் பாக்கவா லட்சக்கணக்குல செலவு பண்ணி வராங்க?" என்றாள்.

நியாயமான கேள்வி. அன்றைக்கு அடுப்படியில் நான் பாதிதான் பதில் சொன்னேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. மார்கழியில் புல்நுனியில் நிற்கும் துளியும் நமக்குப் பனிதான். குன்னூர் சாலையை மறைக்கும் மூட்டமும் பனிதான். தலைக்குந்தாவில் புல்வெளியை வெளுக்க வைக்கும் உறைபனியும் பனிதான். இமயமலையில் கொட்டுவதும் பனிதான். செய்தித்தாள்களோ கடலில் மிதக்கும் பனிமலையையும் பனிப்பாறை என்கின்றன, மலையிலிருந்து இறங்கும் பிரம்மாண்டமான பனி ஓட்டத்தையும் பனிப்பாறை என்கின்றன. பள்ளிப் பாடநூலில் படித்த 'பனியாறு' என்ற சொல்தான் பின்னதற்குச் சரியாகப் பொருந்துகிறது, ஏனென்றால் அது உண்மையிலேயே ஓடுகிறது. கிரீன்லாந்தின் இலுலிசாட் நகருக்குப் பக்கத்தில் கடலில் இறங்கும் செர்மெக் குயாலெக் என்ற பனியாறு, 2012 கோடையில் ஒரு நாளைக்குச் சுமார் 46 மீட்டர் வேகத்தில் நகர்ந்தது. ஆறு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

நம் தோட்டத்து உறைபனி வானத்திலிருந்து விழுவதே இல்லை. 'பனி விழுது' என்று சொல்கிறோமே தவிர, மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுக் குளிர்ந்துபோக, அதை ஒட்டியிருக்கும் காற்றின் ஈரம் இலைமேல் நேரடியாகப் படிகமாகிறது. வெயில் பட்டால் அரை மணி நேரத்தில் போய்விடும். பனியாற்றின் பிறப்பு வேறு. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று உயர்ந்த மலையில் மோதி, மழைக்குப் பதிலாகப் பனிமழையாகக் கொட்டுகிறது. அந்த ஆண்டுக் கோடை அதை முழுக்க உருக்கி முடிப்பதற்குள் அடுத்த குளிர்காலம் வந்து, மேலே இன்னொரு அடுக்கைப் போட்டுவிடுகிறது. இப்படியே நூற்றுக்கணக்கான ஆண்டுகள். புதிதாக விழுந்த பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான். மேலே பாரம் ஏற ஏற அந்தக் காற்று வெளியே பிதுங்கி, மிச்சமிருப்பது குமிழிகளாக அடைபட்டு, அடுக்கு இறுகிக் கண்ணாடிபோன்ற கட்டியாகிறது. தன் எடையைத் தானே தாங்க முடியாமல் சரிவு இருக்கும் பக்கம் மெல்ல இறங்கத் தொடங்கும்போது அது பனியாறு.

மலைகளின் தலையில், சிகரங்களே மூழ்கிப்போகும் அளவுக்குப் பரந்து கிடக்கும் பனித்தேக்கத்தை இந்தக் கட்டுரையில் பனிப்புலம் என்று சொல்கிறேன். ஒரு பனிப்புலத்திலிருந்து பல பக்கமும் பல பனியாறுகள் இறங்கும். அலாஸ்காவின் ஜூனோ நகருக்குப் பின்னால் இருக்கும் பனிப்புலம் சுமார் 3,900 சதுர கிலோமீட்டர். நம் நீலகிரி மாவட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு. தென்னமெரிக்காவில் சிலி, அர்ஜென்டினா எல்லையில் நீளும் தெற்குப் படகோனியப் பனிப்புலம் 350 கிலோமீட்டர் நீளம், 12,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். அண்டார்டிகாவை விட்டுவிட்டால் தென்பாதி உலகில் அதைவிடப் பெரியது இல்லை.

கப்பலில் போகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை என்பதுதான் நான் அக்காவுக்குச் சொல்ல வந்தது. அவர்கள் பார்ப்பது பனியாறு கடலைத் தொடும் இடத்தை, அதாவது நாக்கின் நுனியை. கப்பல் ஃபியோர்டு எனப்படும் குறுகிய கடற்கிளைக்குள் நுழைகிறது. இருபுறமும் ஆயிரம் மீட்டர் உயரச் சுவர்கள். எதிரே ஒரு வெள்ளை முகம். அந்த முகத்துக்குப் பின்னால் மலை வளைவில் பனியாறு திரும்பி மறைந்துவிடும். அதை வளர்க்கும் பனிப்புலம் அதற்கும் மேலே, பெரும்பாலான நாள் மேகத்துக்குள், தளத்தில் நிற்கிறவன் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் கிடக்கிறது.

நம் மலையிலும் இதே கதைதான். கோத்தகிரி வருகிறவர்கள் கேத்தரின் அருவியைப் பார்க்கிறார்கள், ஊட்டி வருகிறவர்கள் பைக்காராவைப் பார்க்கிறார்கள். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்து, மழை நின்ற மாதங்களிலும் சொட்டுச் சொட்டாக விடுகிற சோலைக்காடும் புல்வெளியும் சதுப்பும் எங்கோ மேலே இருக்கின்றன. மேலே நடப்பது அருவியில் உடனே தெரியாது. கிளென்மார்கனில் மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் பக்கத்துப் பக்கத்து இரண்டு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டு நீண்டகாலம் அளந்தார்கள். ஒன்றை இயற்கைப் புல்வெளியாக விட்டு, மற்றொன்றில் பாதிக்குச் சற்று அதிகமான பரப்பில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டார்கள். முதல் பத்து ஆண்டுகளில் மரம் நட்ட பக்கத்தில் ஓடிவந்த நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. கீழே நின்று அருவியைப் படம் பிடிப்பவருக்கு இந்தக் கணக்கு தெரிய வழியில்லை. பனியாறும் அப்படித்தான்: அதன் ஆரோக்கியம் மேலே தீர்மானமாகிறது, கூட்டம் கூடுவது கீழே.

இதை மனதில் வைத்துக்கொண்டால், தளத்தில் நின்று பார்ப்பதில்கூட நிறையப் படிக்கலாம்.

முதலில் அளவு. கண் அங்கே முழுசாக ஏமாந்துபோகும். மரமோ வீடோ இல்லை, காற்று துப்புரவாக இருக்கிறது, எதிரே இருக்கும் சுவர் ஏதோ இரண்டு மாடிக் கட்டடம்போலத் தெரியும். அலாஸ்காவில், பனியாறுகள் விரிகுடா என்று பொருள்படும் கிளேசியர் பே தேசியப் பூங்காவில் எல்லாக் கப்பலும் நின்று காட்டும் மார்ஜரி பனியாற்றின் முகம், தண்ணீருக்கு மேலே சுமார் 75 மீட்டர். லவ்டேல் பக்கம் வானளாவ நிற்கும் பழைய கற்பூர மரங்களைவிட உயரம். அதன் முன்னால் ஒரு வெள்ளைப் புள்ளி பறப்பதைப் பார்த்து, அது கடற்காகம் என்று புரியும்போதுதான் உடம்பு சிலிர்க்கும் என்று பையன் சொன்னான். ஹப்பர்ட் என்று இன்னொன்று இருக்கிறது. தொடக்கத்திலிருந்து கடல் வரை சுமார் 122 கிலோமீட்டர். ஊட்டியில் பஸ் ஏறி முதுமலை, பந்திப்பூர் தாண்டி மைசூர் போய் இறங்கும் தூரம், முழுக்கப் பனி.

சத்தம் தாமதமாக வருவதும் தூரத்தின் கணக்குத்தான். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். காணொளியில் மூன்று விநாடி தாமதம் என்றால் கப்பல் ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றிருக்கிறது. நெருங்கிப் போகாததற்குக் காரணம் உண்டு. மேலிருந்து விழும் துண்டு அலையைக் கிளப்பும். அதைவிட மோசம், தண்ணீருக்கு அடியில் உடைந்த பனிக்கட்டி எந்த அறிகுறியும் இல்லாமல் திடீரென மேலே பாய்ந்து வரும். மிதக்கும் பனியில் பத்தில் ஒன்பது பங்கு நீருக்குள்தான் இருக்கிறது. சார்லஸ் டார்வின் இதில் தப்பிப் பிழைத்தவர். 1833 ஜனவரியில் தென்னமெரிக்காவின் தென்முனையில் பீகிள் கால்வாயின் கரையில் அவருடைய குழு இறங்கியிருந்தபோது, எதிரே ஒரு பனியாற்றின் துண்டு விழுந்து பேரலை எழுந்தது. டார்வினும் சில மாலுமிகளும் ஓடிப்போய்ப் படகுகளைப் பிடித்துக்கொண்டார்கள். படகுகள் போயிருந்தால், ஆளில்லாத அந்தக் கரையில் அவர்கள் கதி என்னவாகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்று அதே கால்வாயில் வரிசையாக இறங்கும் பனியாறுகளைப் பார்க்கக் கப்பல்கள் போகின்றன.

அடுத்தது நிறம். வெள்ளையாக இருக்க வேண்டிய பனி ஏன் நீலமாக இருக்கிறது? குமிழி நிறைந்த பனி ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. குமிழிகள் நசுங்கி இறுகிய பழைய கட்டிக்குள் ஒளி நெடுந்தூரம் பயணிக்கிறது. அந்தப் பயணத்தில் சிவப்புப் பக்கத்து ஒளியைப் பனிக்கட்டி விழுங்கிவிட, மிஞ்சி வெளியே வருவது நீலம். எனவே ஆழ்ந்த நீலம் தெரியும் இடம், இப்போதுதான் உடைந்து திறந்த உட்புறம். மேகமூட்டமான நாளில் இந்த நீலம் இன்னும் எடுப்பாகத் தெரியும். வெயில் இல்லையே என்று வருத்தப்படுகிற பயணிகளிடம் இதை யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

பனியாற்றின் நடுவே நீளவாக்கில் ஓடும் கறுப்புப் பட்டைகளை அழுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு பனியாறுகள் சேரும் இடத்தில் அவற்றின் ஓரக் கல்லும் மண்ணும் நடுவில் வந்து சேர்ந்த கோடு அது. பட்டைகளை எண்ணினால் எத்தனை கிளைகள் கூடியிருக்கின்றன என்று கீழே நின்றே ஊகிக்கலாம். கடல்நீர் மோர் கலந்ததுபோல வெளிறிய பச்சையாக இருந்தால், பனி தன் அடியில் பாறையை மாவாக அரைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். பக்கத்தில் மிதக்கும் துண்டுகளிலிருந்து எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல ஒரு படபடப்பு கேட்கும். எப்போதோ பெய்த பனியோடு சிறைப்பட்ட காற்று, அழுத்தத்திலிருந்து விடுபடும் சத்தம். அண்டார்டிகாவில் ஆழத்தில் துளைத்து எடுத்த பனித்தண்டுகளில் 8 லட்சம் ஆண்டுப் பழைய காற்றைக்கூட விஞ்ஞானிகள் அளந்திருக்கிறார்கள். கப்பலடியில் வெடிக்கும் குமிழி அவ்வளவு கிழம் இல்லை.

பிறகு காற்று. கப்பல் பனியாற்றை நோக்கித் திரும்பியதும் முகத்தில் சில்லென்று ஒரு காற்று அறையும் என்றான் பையன். இது கேத்திக்காரர்களுக்கு விளக்க வேண்டாத விஷயம். மேட்டுத் தோட்டத்தைவிடப் பள்ளத்துத் தோட்டத்தில்தான் உறைபனி கடுமை, ஏனென்றால் குளிர்ந்த காற்று கனமானது, இரவெல்லாம் தண்ணீர்போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். பனிப்புலத்தின் மேல் குளிர்ந்த காற்றும் அதேபோல் பனியாற்றின் வழியே வழிந்து கடலுக்கு வருகிறது. கண்ணுக்குத் தெரியாத பனிப்புலம் பயணியைத் தொடுவது இந்தக் காற்றால்தான். மற்றபடி அங்கே ஜூலை மாதத்துக் குளிர் ஒன்றும் பயங்கரம் இல்லை, பகலில் 10 முதல் 15 டிகிரி, தூறல். ஊட்டியின் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஸ்வெட்டரோடு வளர்ந்தவர்களுக்குப் பழகியதே.

இந்தப் பயணம் ஒன்றும் புதிதல்ல. 1883-லேயே கேப்டன் கேரல் என்பவர் ஐடஹோ என்ற நீராவிக் கப்பலைக் கிளேசியர் பேக்குள் ஓட்டிச் சென்றார். அதற்கு 4 ஆண்டுகள் முன்பு, உள்ளூர் டிலிங்கிட் மக்கள் வழிகாட்ட இயற்கையியலாளர் ஜான் மியூர் அங்கே போயிருந்தார். அவர் பெயரிலான மியூர் பனியாறுதான் அந்தக் காலத்துக் கப்பல் பயணிகளின் பெரிய ஈர்ப்பு. 1899 செப்டம்பரில் பெரும் நிலநடுக்கம் வந்து பனியாறு நொறுங்கி, விரிகுடா முழுக்கக் கட்டிகள் அடைத்துக்கொண்டன. சில ஆண்டுகள் கப்பல்கள் நெருங்கவே முடியவில்லை. (அதே 1899 ஜூனில்தான் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் ஏறி வந்தது. உலகின் இரண்டு மூலைகளிலும் நீராவி எந்திரம் மனிதர்களைக் குளிரை நோக்கி ஏற்றிக்கொண்டிருந்த காலம். அதற்கும் முன்னால் குளிர்தான் கப்பலேறி நம்மிடம் வந்தது: அமெரிக்க ஏரிகளில் அறுத்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ல் சென்னைக் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம்.)

மியூர் பனியாறு இப்போது கப்பலிலிருந்து தெரியாது. 1941-ல் ஓரிடத்தில் நின்று எடுத்த படத்தில் திரை நிறையப் பனி. 2004-ல் அதே இடத்திலிருந்து எடுத்த படத்தில் நீல நீரும் பச்சைச் சரிவும்தான். இடையில் 12 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. 1990-களில் கடலோடு அதற்கிருந்த தொடர்பே அறுந்தது. இன்னும் பின்னால் போனால், 1794-ல் பிரிட்டிஷ் மாலுமி ஜார்ஜ் வான்கூவரின் குழு அந்தப் பக்கம் வந்தபோது விரிகுடா என்று சொல்லும்படி அங்கே எதுவுமே இல்லை, வாசலிலேயே பனிச்சுவர் நின்றது. இப்போது கப்பல்கள் உள்ளே 100 கிலோமீட்டர் போய்த்தான் மார்ஜரியைப் பார்க்கின்றன. டிலிங்கிட் மக்கள் இந்த விரிகுடாவுக்கு வைத்த பெயரின் பொருள், 'பனியாறு இருந்த இடத்து விரிகுடா'. 18-ஆம் நூற்றாண்டில் முன்னேறி வந்த பனி, அவர்களில் ஹூனா பிரிவினரின் ஊர்களையே துடைத்துத் துரத்தியது. தங்கள் மண் என்று அவர்கள் மறுபடியும் அங்கே ஒரு குலவீடு கட்டித் திறந்தது 2016-ல்தான்.

இங்கே கவனமாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. எல்லாப் பனியாறும் பின்வாங்கவில்லை. ஹப்பர்ட் நூறாண்டுக்கு மேலாக முன்னேறி வருகிறது. 1986-ல் அது ரஸ்ஸல் ஃபியோர்டின் வாயையே அடைத்து, உள்ளே நீர் 25 மீட்டர் உயர்ந்து, அக்டோபரில் உடைத்துக்கொண்டு வெளியேறியது. 2002-லும் இப்படி ஒருமுறை. படகோனியாவில் பீயோ 11 என்ற பனியாறும் முன்னேறியது. இதைக் காட்டி, 'வெப்பமாதல் எல்லாம் கட்டுக்கதை' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பார்ப்பது நாக்கை மட்டும்தான்.

கடலில் முடியும் பனியாறு தனக்கென்று ஒரு காலக்கணக்கு வைத்திருக்கிறது. முன்னால் கல்லையும் மண்ணையும் தள்ளிக் கடலுக்கடியில் ஒரு மேடு போட்டு, அதன் மேல் ஊன்றி நிற்கிறது. மேடு இருக்கும்வரை ஆழ்நீர் அதன் பாதத்தை அரிக்க முடியாது. ஏதோ காரணத்தால் மெலிந்து மேட்டைவிட்டுப் பின்னால் ஒரு காலடி வைத்துவிட்டால், அங்கே ஆழம், உடைவது வேகமெடுக்கும், ஆழம் குறைந்த இடம் வரும்வரை நிற்காது. அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்ற கடற்பகுதியில் கொலம்பியா பனியாறு 1980-களின் தொடக்கத்தில் இப்படிப் பிடி விட்டு, 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது. அது உதிர்த்த பனிக்கட்டிகளுக்கு விலகத்தான் 1989 மார்ச்சில் எக்ஸான் வால்டெஸ் எண்ணெய்க் கப்பல் தன் தடத்தைவிட்டு வெளியேறிப் பாறையில் மோதியது. கொட்டியது சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய். ஹப்பர்டோ தன் பரப்பில் மிகப் பெரும் பங்கைப் பனி சேரும் உயரத்தில் வைத்திருக்கிறது, அதனால் வரவு இன்னும் செலவை மிஞ்சுகிறது. ஆக, நுனி முன்னே வருவதோ பின்னே போவதோ மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மேலே பனிப்புலத்தில் ஆண்டு முழுக்க விழுந்ததையும் உருகியதையும் கூட்டிக் கழிக்க வேண்டும். அந்தக் கணக்கை உலகம் முழுக்க எடுத்துப் பார்த்தால் பற்றுதான் ஏறிக்கொண்டே போகிறது. ஜூனோ பனிப்புலம் அண்மைப் பத்தாண்டுகளில் முன்பைவிட மிக வேகமாக மெலிகிறது.

பனி போன இடத்தில் மலையும் சும்மா இருப்பதில்லை. பக்கச் சுவரைத் தாங்கி நின்ற பனி விலகியதும் பாறை சரிகிறது. 2025 ஆகஸ்ட் 10 அதிகாலை, கப்பல்கள் வழக்கமாகப் போய்வந்த, அலாஸ்காவின் டிரேசி ஆர்ம் என்ற ஃபியோர்டில், தெற்கு சாயர் பனியாற்றின் பக்கத்தில் மலை சரிந்து விழுந்து, எதிர்ச்சுவரில் அலை பல நூறு மீட்டர் உயரம் ஏறியது. உயிர்ச்சேதம் இல்லை. பகலில் நடந்திருந்தால் என்று நினைக்கும்போது, 2009 நவம்பர் நினைவுக்கு வருகிறது. ஒரே மழையில் நீலகிரி முழுக்க மண் சரிந்து 40 பேருக்கு மேல் போன அந்த வாரத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. காரணம் வேறு, ஆனால் பிடிமானம் போன சரிவு எங்கும் ஒன்றுதான்.

கப்பல்கள் தாங்கள் காட்டுவதையே கெடுக்கின்றனவா? ஆம், ஓரளவு. புகைக்கரி பனிமேல் படிந்தால் வெயிலை உறிஞ்சி உருகலைக் கூட்டும். அண்டார்டிகாவைப் பற்றி 2022-ல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே போகும் ஒரு சுற்றுலாப் பயணியின் பங்குக்குச் சுமார் 83 டன் பனி கூடுதலாக உருகுகிறது என்று கணக்கிட்டது. 2023-24 பருவத்தில் அங்கே போனவர்கள் 1,20,000-க்கு மேல். கட்டுப்பாடுகளும் இருக்கின்றன: 500 பேருக்கு மேல் ஏற்றும் கப்பல் அங்கே யாரையும் கரையிறக்கக் கூடாது, ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கூடாது, கப்பல் எரிபொருளான கெட்டியான கனரக எண்ணெய்க்கு 2011 முதல் தடை. ஆர்க்டிக்கில் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் காப்புப் பகுதிகளுக்குள் 2025 முதல் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பலுக்கு இடமில்லை. கிளேசியர் பேயில் ஒரு நாளைக்குப் பெரிய கப்பல் இரண்டுதான். அதன் கிளையான ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கடற்கிளையில் மிதக்கும் கட்டிகளின் மேல் சீல்கள் குட்டி போட்டு வளர்ப்பதால், மே முதல் ஆகஸ்ட் வரை பெரிய கப்பல்கள் உள்ளேயே போகக் கூடாது.

நம்மூரில் இ-பாஸ் வந்தபோது, 2024 மே மாதம், எத்தனை முணுமுணுப்பு! 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. லாட்ஜ் நடத்துகிறவர்களின் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு கப்பல் என்ற விதியோடுதான் கிளேசியர் பே இத்தனை ஆண்டுகளாக இயங்குகிறது. ஒரு கப்பலில் சில ஆயிரம் பேர், யாரும் கரையில் கால் வைப்பதில்லை, பூங்காக் காவலர்கள் ஏறி வந்து விளக்குகிறார்கள், சாயங்காலம் எல்லாரும் வெளியே. இந்த மலைக்கு வருகிற யாருக்காவது, நீங்கள் நிற்கும் அருவிக்கு மேலே என்ன இருக்கிறது என்று இப்படி ஒருவர் வந்து சொல்கிறாரா?

'நம்ம பனிக்கும் அந்தப் பனிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையா?' என்று அக்கா பிறகு கேட்டாள். இருக்கிறது, எமரால்டு பக்கம் கோல்கிரெயின் சதுப்பில். அங்கே அடுக்கடுக்காகச் சேர்ந்த கரிச்சேற்றைத் துளைத்து எடுத்து, அதிலுள்ள கார்பனை அளந்து, ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் உள்ளிட்ட நால்வர் 1993-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். சோலை மரங்களும் வெப்பநாட்டுப் புற்களும் இருவேறு வழிகளில் கார்பனைச் சேர்ப்பதால், எந்தக் காலத்தில் எது ஓங்கியிருந்தது என்பது சேற்றில் பதிந்திருக்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், வடக்கே பனி உச்சத்தில் இருந்தபோது, நீலகிரியில் பருவமழை மெலிந்து வறண்ட நிலத்துப் புல் ஓங்கியிருந்தது. கடல்நீர் அவ்வளவும் பனியாக நிலத்தில் தேங்கிக் கிடந்ததால் கடல்மட்டம் இன்றைக்கு விட 120 மீட்டர் தாழ்வு. ராமநாதபுரத்திலிருந்து இலங்கைக்குக் கால்நடையாகவே போகலாம். இந்த மலையில் பனியாறு இருந்ததில்லை. ஆனால் அங்கே பனி ஏறியதும் இறங்கியதும் இங்கே புல்லிலும் சோலையிலும் எழுதப்பட்டிருக்கிறது. தொட்டபெட்டா பக்கம் செக்கச்சிவக்கப் பூக்கும் ரோடோடென்ட்ரானின் உறவினர்கள் இமயமலையில் இருப்பதற்கும், குளிர் தெற்கே பரவியிருந்த அந்தக் காலத்தையே காரணமாகச் சொல்கிறார்கள்.

பையன் காணொளியை மறுபடி ஓடவிட்டான். அது எண்டிகாட் ஆர்ம் என்ற ஃபியோர்டின் முடிவில் இருக்கும் டாவ்ஸ் பனியாறு. ஸ்டிகீன் பனிப்புலத்திலிருந்து இறங்குவது. துண்டு விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தச் சொன்னேன். சுவருக்கு மேலே, வளைவைத் தாண்டி, ஓர் இடத்தில் மேகம் விலகி மங்கலாக ஒரு வெள்ளைக் கோடு.

"இது என்னடா?"

"நான் கவனிக்கவே இல்ல மாமா. எங்களுக்கு வெளிய நிக்க பதினஞ்சு நிமிஷந்தான். எப்ப உடையும்னு கீழயே பாத்துட்டு இருந்தேன்."

அக்காவும் வந்து குனிந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு வெயில் வரப்புக்கு வந்துவிட்டதைப் பார்த்து, தாகையை எடுக்க வெளியே போனாள்.

ஏப்ரல் கடைசியில் அவன் மறுபடி கப்பலேறுகிறான். "இந்தத் தடவை சுவரை விட்டுட்டு அதுக்கு மேல எடுத்துட்டு வா" என்றேன்.

"மேல எப்பவும் மேகமாத்தான் இருக்கும் மாமா."

"அந்த மேகம்தான் அங்க பனியாக் கொட்டுது. அதையே எடுத்துட்டு வா."